பங்காரம்மா வைத்த வெங்காயப் பந்தி

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம், பங்காரம்மா வீட்டு வாசலை மிதித்த யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. கரண்டு கணக்கெடுக்க வந்தவருக்கும் இலை போட்டுவிடுவாள். வந்தவர்கள் சாப்பிட்டு எழாமல் தான் ஒரு வாய் தொடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளின் பந்தியைத் தேனீக்கள் மதிக்கவில்லை!

அந்த வருஷம் சின்ன வெங்காயத்தை விதைக்கென்று பூக்க விட்டிருந்தாள். வீட்டுக்காரர் வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் இறங்கிய வேலை. தேனீ உட்காராவிட்டால் விதை பிடிக்காது, பட்ட பாடெல்லாம் வீண்.

தேன்பெட்டி வாடகைக்கு விடும் சிக்கந்தர், "பூ விரியட்டுங்க்கா, அப்பறம் வெக்கலாம்" என்றான். கேட்டால்தானே!

"விருந்துக்குக் கூப்பிட்டவங்கள இலை போட்டப்பறமா வரச் சொல்லுவாங்க? முன்னாடியே வந்து இருக்கட்டும் தம்பி."

மொட்டிலேயே பெட்டிகளை இறக்க வைத்துவிட்டாள்.

வந்த விருந்தாளிகள் சும்மா இருப்பார்களா? வரப்பைத் தாண்டி பக்கத்து வயல்கார ராமுலுவின் கொத்தமல்லிப் பூவில் ருசி கண்டுவிட்டார்கள். வெங்காயம் விரியத் தொடங்கிய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. பங்காரம்மா பூவெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் தெளித்தாள். எறும்புதான் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஏனுங் அம்மணி, உங்கூட்டு விருந்தாளியெல்லாம் எங்கூட்லதான் சாப்படறாங்க" என்று ராமுலு வரப்பிலிருந்து சிரித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிக்கந்தர் வந்து பார்த்தான். "எங்க தித்திப்பு அதிகமோ அங்கதானுங்க்கா போகும். ஒரு பூவப் புடிச்சா அதையேதான் சுத்தும். வெங்காயப்பூ அதுகளுக்கு அவ்வளவா புடிக்காது வேற. எடுத்துட்டுப் போயிர்றேன். கொத்தமல்லி காயாகட்டும், உங்க பூ முழுசா விரியட்டும், கொண்டாறேன்."

வந்தவர்களைச் சாப்பிடாமல் வண்டியேற்றுவதா? அவள் வாழ்நாளில் செய்யாத காரியம். பொழுது சாய்ந்து பெட்டிகள் ஏறியபோது சிக்கந்தரிடம் மெல்லக் கேட்டாள்:

"அங்க ஏதாச்சும் பூத்திருக்குமில்ல தம்பி?"

"முருங்க பூத்துக் கெடக்குதுங்க்கா."

அதன்பிறகுதான் வண்டியை விட்டாள்.

பெட்டிகள் திரும்பி வந்த மறுநாள், விடிந்ததும் வயலில் போய் நின்றாள். கொத்தமல்லி காய்த்து ஓய்ந்திருந்தது, வெங்காயம் வெள்ளை வெளேரென்று நின்றது. ஒரு தேனீ வந்து சுற்றிவிட்டுப் போனது. இன்னொன்று வந்து ஒரு பூவில் உட்கார்ந்தது, அடுத்த பூவிலும் உட்கார்ந்தது. வெயில் ஏற ஏற வயல் முழுக்க ஒரே இரைச்சல்.

உச்சிப்பொழுதுக்கு வீட்டுக்காரர் தேடி வந்தார். "காத்தால இருந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கறயே, சாப்பிட வா."

பங்காரம்மா வயலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பந்தி நடக்குதில்லீங்க. வந்தவங்க எந்திரிக்கட்டும்."