கொட்டை எடுக்காத தலையணை

இலவம் பஞ்சு மூக்கில் ஏறினால் உடனே தும்மல் வராது. முதலில் உள்ளே எங்கோ ஒரு நமைச்சல், பிறகு கண்ணில் நீர், அப்புறம்தான் வீடே திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மல். எனக்கு மட்டும் அந்தத் தும்மலோடு கோபமும் சேர்ந்து வரும். இந்த வயதில் என்ன கோபம் என்று மகள் கேட்கிறாள். கோபத்துக்கு வயது உண்டா என்ன?

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில் பட்டறையில் வேலை. சண்டைக்கு முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் வந்தால் அப்பா டவுனில் பத்து ரோடு என்கிற கடைத்தெருவுக்குப் போய் அம்மாவுக்குச் சேலையும் எனக்கு ரிப்பனும் வாங்கி வருவார். இப்போது கடைகளில் ரிப்பனும் இல்லை, ரிப்பன் கட்டுவதற்கு எண்ணெய் கண்ட தலையும் இல்லை. "இந்த வருசம் கடச் சாமான் கெடையாது. நான் கெழங்கு மாவுல கேக் சுட்டுடுறேன், மத்தத அவங்கவங்க கையால செஞ்சு குடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஒரே பிள்ளையாக இருந்தவரை எனக்கு இதில் கவலை இருந்திருக்காது. ஆனால் அந்த மழைக்காலத்தில்தான் பிலோமினா வந்து சேர்ந்தாள். என் தாய்மாமன் மகள், என்னைவிட மூத்தவள். அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், மாமாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிள்ளானிலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்றவளை அம்மா வாரி அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கஞ்சியில் மிதக்கும் சோற்றுப் பருக்கையெல்லாம் அவள் கிண்ணத்துக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் "தாயில்லாப் புள்ள, தாயில்லாப் புள்ள" என்று உருகினார்கள். எனக்குத் தாய் இருப்பதே ஒரு குற்றம் போல ஆகிவிட்டது. நான் முறைத்தால், "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்டி" என்பாள் அம்மா. நானும் வளர்ந்தேன், வயிற்றெரிச்சலிலேயே. அவளை மதினி என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் "பிலோ" என்றுதான் கூப்பிட்டேன்.

போதாக்குறைக்கு அவளுக்குக் கைவேலை வேறு வந்தது. அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுப்பாள், அலசிக் காயவைத்து நூலாக முறுக்குவாள், உடைந்த குடைக் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கொக்கி செய்து அதனால் பின்னுவாள். அப்பாவுக்குச் சுருட்டு வைத்துக்கொள்ள ஒரு பை. எனக்குச் சங்குப்பூச் சாற்றில் ஊறவைத்த நீல ரிப்பன். அழகாக வேறு இருந்தது, சனியன். அம்மாவுக்கு மட்டும் எதையோ பெரிதாக, நான் போனால் பாயின் கீழ் தள்ளி மறைத்து மறைத்துப் பின்னினாள்.

நான் விடுவேனா? அம்மாவின் தலையணை மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துப்போய், அவள் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. முன்பு வெயில் காலத்தில் ரயில் பாதையோரம் வெடித்து விழுந்த இலவங்காய்களை, மலாய்க்காரர்கள் "கபு-கபு" என்பார்கள், பொறுக்கி ஒரு சாக்கில் கட்டிவைத்திருந்தேன். பழைய கோதுமை மாவுச் சாக்கு ஒன்றும் இருந்தது. அம்மாவுக்குத் தலையணை! அன்னாசி நாரை வைத்து அவள் என்னதான் பின்னினாலும் அதில் தலை வைத்துப் படுக்க முடியாதல்லவா?

இலவம் பஞ்சில் மிளகு மிளகாகக் கொட்டை இருக்கும். வெயிலில் காயவைத்துக் குச்சியால் அடித்தால்தான் கொட்டை கீழே உதிரும். அடித்தால் பஞ்சு பறக்கும், பறந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தும்மலை முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடையில் அடக்கிக்கொண்டு, கொட்டையோடேயே திணித்தேன். தையல் ஒன்று மேற்கே போனால் ஒன்று கிழக்கே போயிற்று. ஆனாலும் தலையணை தலையணைதான்.

கிறிஸ்துமஸ் காலையில் கோவிலுக்குக் கிளம்பும்போது பிலோ தன் பரிசை எடுத்தாள். முக்காடு! சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை முக்காடு. அம்மா அதைத் தலையில் போட்டுக்கொண்டு பூசை முழுக்க முழங்காலில் இருந்தாள். அத்தனை பெண்களும் பீடத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, அம்மாவின் தலையைப் பார்த்தார்கள். "என் அண்ணன் மக பின்னுனது" என்று அம்மா வாசலில் ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். நான் வெந்தேன்.

அந்த முக்காட்டுக்குப் பக்கத்தில் என் தலையணையை வைக்க மனம் வருமா? எல்லோரும் பரிசு பார்த்து முடித்து, கேக்கும் தின்று, பிலோ கூடத்தில் தன் துணி மூட்டையில் தலை வைத்துத் தூங்கிய பிறகு, அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கொடுத்தேன். அம்மா அமுக்கிப் பார்த்தாள். "கொட்டை எடுக்கலியாடி?" என்று சிரித்தாள், என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். அந்த வருஷத்தில் அம்மா எனக்கே எனக்கென்று இருந்தது அந்தச் சற்று நேரம்தான்.

பிறகு அவள் கூடத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். "அந்தப் புள்ளைக்கு நம்ம யாருமே ஒண்ணும் செய்யலியே" என்றாள்.

நான் ஏன் செய்ய வேண்டும்? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டாள். பிலோவின் தலையை மெல்லத் தூக்கி மூட்டையை உருவிவிட்டு அதை வைத்தாள். பிலோ விழித்துக்கொண்டாள். "யாரோடது அத்த?"

"ஒனக்குத்தான். அத்த செஞ்சேன்."

சொல்லிக்கொண்டே பிலோவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். மாமா திரும்பி வரவில்லை, பிலோ கல்யாணமாகிக் கிள்ளானுக்கே போனாள், தலையணையையும் கொண்டுபோனாள்; அந்தப் பார்வைக்குக் கட்டுப்பட்டு அத்தனை காலமும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அவளைப் பார்க்கப் போனேன். படுத்த படுக்கை. தலையணைக்கு உறை மாறியிருக்கிறது, உள்ளே அதே மாவுச் சாக்கு, பஞ்செல்லாம் அமுங்கி அப்பளமாகிவிட்டது. "புது பில்லோ வாங்கித் தந்தா தூக்கிப் போடுறாங்க ஆன்டி, கொட்டை குத்துனாத்தான் தூக்கமே வருதாம்" என்று அவள் மகள் குறைப்பட்டாள். பிலோ பெருமையாகச் சிரித்தாள். "எங்க அத்த எனக்குன்னு செஞ்சது லா."

எனக்குப் பொறுக்கவில்லை. சாட்சி சொல்ல அம்மா இல்லை, அப்பா இல்லை, அந்த குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள், ரயில் பாதையோரம் ஒரு இலவ மரம்கூட இல்லை. "அது நான் செஞ்சதுடி" என்றேன்.

"இன்னும் ஒனக்குப் பொறாம போகலியா?" என்று அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கை மட்டும் தானாகப் போய்த் தலையணையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. "அத்ததான செஞ்சாங்க?" என்று மறுபடி கேட்டாள். இப்போது சிரிப்பு இல்லை.

"ஆமாம் மதினி, அம்மாதான் செஞ்சாங்க. சும்மா சொன்னேன்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அன்று வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.