காலியாக விட்ட கட்டங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. 2007 ஜூலையில் இது எனக்கு நடந்தது. தேதியைச் சொல்ல மாட்டேன். செத்தவன் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள்.

தட்டாஞ்சாவடியில் சின்ன ஆபீஸ். நைட் ஷிஃப்ட். தொழிற்சாலை விபத்துகளைக் கணிக்கும் வேலை. வயது, அனுபவம், தொடர்ந்து வேலை பார்த்த இரவுகள் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மதிப்பைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு விபத்து நடக்குமா என்று கம்ப்யூட்டர் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கும். கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரியைத் தானே போட்டுக்கொள்ளும். எனக்குச் சோம்பல். எல்லாவற்றையும் காலியாகத்தான் விடுவேன்.

மணி 1.52. ஓட்டினேன்.

சராசரி என்றால் 34.27 என்று புள்ளி வைத்து வரும். அன்று வந்தது வயது 31. அனுபவம் 4. இரவுகள் 9. புள்ளியே இல்லை.

என் அண்ணன் காத்தவராயனுக்கு வயது 31. சேதராப்பட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிற்கிறான். நாலு வருஷமாக. அன்று ஒன்பதாவது இரவு.

ஆயிரத்தில் எத்தனை விபத்து என்று பார்த்தேன்.

ஆயிரம்.

பக்கத்து சீட் ஹரிகிருஷ்ணன்மேல்தான் சந்தேகம். அவனுக்கு அண்ணனைத் தெரியும். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"உங்கண்ணன் வயசு எனக்கு எதுக்குடா? தூக்கத்துல நீயே அடிச்சிருப்ப."

கட்டங்களை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். 31. 4. 9. கீழே புதிதாக ஒரு கட்டம்... நேரம் 2.40.

அப்படி ஒரு கட்டமே எங்களிடம் கிடையாது.

2.11. அண்ணனுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வெளியே வா என்று பொய் சொன்னேன்.

"இரு... கண்ணையன் உள்ள வரான். அவன மெஷின்ல நிறுத்திட்டு வந்துடுறேன்."

கண்ணையனும் அதே கம்பெனி ஆள். ஒருத்தன் வருகைக் கார்டில் இன்னொருத்தன் நிற்பது அங்கே வழக்கம். நான் வேறெதையும் யோசிக்கவில்லை. அண்ணன் வெளியே வந்தால் போதும்.

வந்துவிட்டான்.

2.40க்கு அதே மெஷினில் கண்ணையன் செத்தான்.

கம்பெனி ரிப்போர்ட்டில் அண்ணன் கார்டைப் பார்த்தே எழுதினார்கள். வயது 31. அனுபவம் 4. இரவு 9.

மறுநாளே வேலையை விட்டேன். காரியம் முடிந்த பிறகு ரெட்டியார்பாளையத்தில் கண்ணையன் வீட்டுக்குப் போனேன். அன்று அவனுக்கு ஷிஃப்டே இல்லையாம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தானாம். காத்தவராயன் தம்பி என்றதும் அவன் மனைவி செல்வாம்பாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கண்ணனுக்குப் பதிலா போய் நில்லுன்னு நீதான தம்பி போன் பண்ண? உன் குரல்னு சொல்லிட்டுத்தான் சைக்கிள எடுத்தாரு."

கண்ணையன் போனை எடுத்துக் காட்டினாள்.

அன்று ராத்திரி 1.04. என் நம்பர்.

அந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை...

கண்ணையன் நம்பர் எனக்கு இன்றுவரை தெரியாது.