முட்டைக்குள் பூசணி

கேரட்டைத் துருவுவதற்கு முன் அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். துருவும் ஓசை கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாது. அதற்கும் முன்பாகச் சமையலறைக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஒரு பழைய துண்டைத் திணித்திருப்பார். வேலை முடிந்ததும் தோலைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் குப்பைக் கூடையின் அடியாழத்தில் புதைப்பார். கொலைகாரர்கள்கூடத் தடயத்தை இவ்வளவு நிதானமாக அழிப்பதில்லை.

"அப்பா, கேரட்டா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

"இல்லம்மா, கை கழுவறேன்."

"பத்து நிமிஷமாவா?"

குரலுக்குச் சொந்தக்காரி அவருடைய ஒரே மகள். வயது ஏழு. காய்கறி என்ற இனத்தின் மீது அவளுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தன் தட்டுக்குள் அது வராதவரை எங்கு வேண்டுமானாலும் சௌக்கியமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கொள்கை.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் பரிசோதகர். பிஸ்கட்டில் பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது உத்தியோகம். பதினேழு வருடங்களாக, தலையில் வெள்ளைத் தொப்பியும் கையில் இடுக்கியுமாக, ஓடும் பட்டையின் பக்கத்தில் நிற்கிறார். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பிஸ்கட்டுகள் ஊர்வலம் போகும். அதில் ஒன்றின் முதுகில் ஒரு முடி படுத்திருந்தால் சட்டென்று இடுக்கி பாயும். சக தொழிலாளிகள் வைத்த பெயர் கழுகு. மகள் பிறந்தபோது, தொட்டிலை எட்டிப் பார்த்த உறவினர்கள் எல்லாரும் "கண்ணு அப்படியே அப்பாவோடது" என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். பின்விளைவுகளை யாரும் யோசிக்கவில்லை.

ஆம்லெட்டில் ஒளிந்திருக்கும் வெங்காயத்தாளை அவள் ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் அளவுவாரியாக அடுக்குவாள். ஒருநாள் நூடுல்ஸிலிருந்து பதினான்கு முட்டைக்கோஸ் இழைகளை உருவியெடுத்தாள். தகப்பனாக அவருக்கு மனசு உடைந்தது. பரிசோதகராக நெஞ்சு விம்மியது.

"கையைப் பாரு! இவ நம்ம லைன்ல நின்னா நான் நிம்மதியா ரிட்டையர் ஆயிடலாம்" என்றார் மனைவியிடம்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வேலைக்கு அப்புறம் சேர்த்துக்கலாம். முதல்ல அவ வெயிட்டைப் பாருங்க. ஆறு மாசமா முள்ளு நகரல. காயைக் காயாவே தட்டுல வைங்க. தின்னா தின்னட்டும், தின்னலேன்னா கிடக்கட்டும்."

இப்படி வெளிப்படையாக நடந்துகொள்வது அவருடைய தொழில் தர்மத்துக்கு ஒவ்வாதது. "கண்டுபிடிக்கறவனுக்குத் தெரியாதா, எப்படி ஒளிக்கறதுன்னு?" என்பார். ஒளித்தும் பார்த்தார். பீட்ரூட்டை அரைத்து நூடுல்ஸில் கலந்துவிட்டு, இது புதுசாக வந்திருக்கும் ரோஸ் நூடுல்ஸ் என்றார். "அப்ப பாக்கெட்டைக் காட்டுங்க" என்றாள் மகள். உருளைக்கிழங்கும் காய்கறிதானே என்று மனைவியிடம் வாதாடினார். முதல் வாய்தாவிலேயே வழக்கு தள்ளுபடி.

மகள் திருப்பிப் பார்க்காமல், கிளறிப் பார்க்காமல், அப்படியே வாயில் போட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான். அவித்த முட்டை. அதற்குள் யாரும் எதையும் வைக்க முடியாதல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வைத்தார். அவித்த முட்டையைத் தையல் நூலால் நறுக்கென்று இரண்டாக்கினார். மஞ்சள் கருவை வழித்தெடுத்து, வேகவைத்த மஞ்சள் பூசணியை அதில் பிசைந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். திருப்தி. மறுபடி நிரப்பி, கோடு தெரியாமல் ஒட்டவைத்தார்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் மனைவி. "அது ஒண்ணைத்தான் அவ நம்பிச் சாப்பிடறா."

"அதனாலதானே இதுல வைக்கறேன்!" என்றார் அவர், தன் மதிநுட்பத்தைத் தானே மெச்சியபடி.

முதல் கடி சுமுகமாக முடிந்தது. இரண்டாவது கடியில் மகளின் தாடை நின்றது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ உருவினாள். மயிரிழை போல ஒரு மஞ்சள் நார்.

"அப்பா, முட்டைக்குள்ள எப்படி நார் வரும்?"

மாவு பிசைகிறவர்களிடம் பதினேழு வருடங்களாக அவர் கேட்டுவரும் கேள்வி இது. அவர்கள் சொல்லும் தரத்திலேயே பதிலும் சொன்னார்: "கோழி எதையாவது தின்னிருக்கும்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பார். தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு, அவரை ஒரு தரம் பார்த்தாள். அது அவருடைய பார்வைதான்; தொழிற்சாலையில் அந்தப் பார்வையில் கழிக்கப்பட்ட பிஸ்கட்டுகள் பெட்டி பெட்டியாகப் போயிருக்கின்றன. அவரே கழிக்கப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன. முட்டை ஓட்டோடு வர வேண்டும், அவளே உடைப்பாள். வாழைப்பழம் தோலோடு. ரொட்டிப் பாக்கெட்டை அவளே பிரிப்பாள். அப்பா பரிமாறும் வேறெதற்கும் ஒரே பதில்: "அம்மா வரட்டும்." அம்மாவுக்கோ அந்த வாரம் முழுக்க மாலை டியூட்டி. அவள் வருவதற்குள் மகள் இரண்டு துண்டு ரொட்டியோடு தூங்கிப்போய்விடுவாள்.

புதன்கிழமை, சட்டைப் பொத்தான் ஒன்று முழுசாக, நான்கு ஓட்டைகளோடு, பிஸ்கட்டின் மேல் உட்கார்ந்து அவர் மூக்குக்கு நேரே பயணம் போயிற்று. அடுத்த ஆள் பிடித்தார். "கழுகுக்கு என்ன ஆச்சுப்பா?" என்று லைன் முழுக்கப் பேச்சு.

அன்று சாயங்காலம் மகளின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "அப்பா பண்ணினது தப்புதான். கோழி மேல பழி போட்டதும் தப்பு. இனிமே எதுக்குள்ளயும் எதையும் வைக்க மாட்டேன்."

"சரி" என்றாள் அவள். தன் முட்டையைத் தானே உடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை அவர் சாப்பாட்டு மேசையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சத்தியமாக எந்தத் திட்டமும் இல்லை. கைவசமிருந்த திட்டங்களெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன. மறுநாள் தனக்கும் மனைவிக்கும் ஆகுமே என்று வாங்கியது. மகள் வந்து எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"பட்டாணி."

"திறந்து பார்த்தீங்களா?"

"திறக்காமலேயே தெரியும்மா."

ஒரு காயை எடுத்தாள். விளிம்பு நெடுக நகத்தை ஓட்டினாள். இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பார்த்தாள். "யாரும் கை வைக்கலையே?"

"கடையில போட்டது போட்டபடி இருக்கு."

பிளந்தாள். ஐந்து மணிகள். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். அவர் தலை நிமிரவில்லை. சபாஷ் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து நழுவினால் காரியம் கெட்டது என்று அவருக்குத் தெரியும். மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டார்.

"இனிக்குது" என்று மேசையிடம் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். அதற்கடுத்ததையும்.

எட்டாவது காயைப் பிளந்தபோது உள்ளே ஒரு புழு. பச்சைப் பசேலென்று, சாப்பிட்டுக் கொழுத்து, உயிரோடு. ஒரு நாருக்கே ஒரு வாரம் என்றால், புழுவுக்கு எத்தனை வருடம்?

மகள் காயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நீங்க வெச்சதாப்பா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. அதுவா வந்தது."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். புழுவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் காயை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தாள். குவியலிலிருந்து வேறொன்றை எடுத்து, உரிக்காமலேயே அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.