பக்கத்துக் கதிரைக்கும் ஒரு ரிக்கெற்

ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பரிசு விழுந்தது. அதற்கு முதல் விழுந்த ஒரேயொரு பரிசு, பள்ளிமுனைக் கோவில் திருநாளில் சீட்டிழுத்துக் கிடைத்த பிளாஸ்ரிக் வாளி. அதை அம்மா அன்றைக்கே எடுத்து மீன் கழுவத் தொடங்கிவிட்டார். ஆகையால் இரண்டாவது பரிசைப் பற்றி வீட்டில் உடனே மூச்சுவிடவில்லை.

அண்ணா கட்டாருக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போகும்போது கிற்றாரை ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு, மூலை வெடித்த தன் பழைய போனை எனக்குத் தந்தார். போனின் உறைக்குள் ஒரு சின்ன முக்கோணத் துண்டு இருந்தது. சிம் வந்த பிளாஸ்ரிக் அட்டையை வெட்டி, கிற்றார் தட்டுவதற்கு அவரே செய்து வைத்திருந்தது. அம்மா நண்டுக் கொம்பனி வேலையால் வர ஐந்து மணியாகும். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஐந்து மணிவரை வீட்டில் நானும் போனும் அந்த முக்கோணமும்தான்.

அண்ணா பார்க்கிற பேஸ்புக் பக்கம் ஒன்று இருந்தது. 'கரைச்சத்தம்' என்று பெயர். சினிமாப் பாட்டுப் பாடாமல், தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப்போட்டுப் பாடுகிற எங்கள் பக்கத்துப் பெடியள் குழுக்களின் செய்தி அதில் வரும். எந்தக் குழு புதுப்பாட்டு விட்டிருக்கிறது, மன்னாரில் எங்கே நிகழ்ச்சி, வவுனியாவில் எங்கே, எந்தக் குழுவின் டிரம்காரர் வெளிநாடு போய்விட்டார். இந்தக் கடைசி வகைச் செய்திதான் அடிக்கடி வரும். இடைக்கிடை ஏதாவது இலவசமாகவும் கொடுப்பார்கள்: ஸ்ரிக்கர், ரீசேட், ரிக்கெற்.

ஒருநாள் இப்படி ஒரு அறிவித்தல். மன்னார் ரவுணில் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. ஒருவருக்கு இரண்டு ரிக்கெற் இலவசம். 'உங்களோடு வரப்போவது யார்? பெயரைக் கீழே எழுதுங்கள்.' பெரிய எழுத்தில் இருந்தது அவ்வளவுதான். கீழே சின்ன எழுத்தில் ஏதோ நிபந்தனைகள். சின்ன எழுத்தை யார் வாசித்தார்கள்? வயதை முப்பத்தொன்று என்று போட்டுத் திறந்த என் சொந்தக் கணக்கில் இருந்து, நான் அண்ணாவின் பெயரை எழுதினேன். எழுதுவதற்கு வேறு பெயர் இருக்கவில்லை என்பதும் உண்மை. வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் அந்தத் தவணைதான் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போயிருந்தாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. என் பெயரும் அண்ணாவின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். அடுத்த நாள் அதன்கீழே அண்ணா ஒரேயொரு சொல் எழுதியிருந்தார்.

'வாறன்.'

நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது. கட்டாரிலிருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டா வருகிறார்கள்? எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த அண்ணை அப்படித்தான் ஒரு காலையில் பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய தாய் கையிலிருந்த முட்டையைக் கீழே போட்டார். என் அண்ணாவும் விமான நிலையத்திலிருந்து நேரே நிகழ்ச்சிக்கு வந்து, என் தலையில் பின்னாலிருந்து குட்டுவார். அம்மாவிடம் சொன்னால் அந்தக் குட்டு கெட்டுப்போகும். ஆகையால் இரண்டு ரிக்கெற் விழுந்ததை மட்டும் சொன்னேன்.

"மற்ற ரிக்கெற் ஆருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஒராள் வரும்."

"ஆர் அந்த ஒராள்?"

"வந்தாப் பிறகு பாருங்கோவன்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ என்று நினைத்து, அம்மா என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, முடிய வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்துக் கதிரையில், இடம் பிடித்ததற்கு அடையாளமாக, அந்தப் பிளாஸ்ரிக் முக்கோணத்தை வைத்தேன். மண்டபத்தில் பாதிக்குமேல் வெறும் கதிரைதான். ஆனாலும் ஒரு பருத்த ஐயா வந்து அதே கதிரையில் இருந்தார்.

"ஐயா, அதில ஆள் இருக்கு."

"எங்க ஆள்?"

"எங்கட அண்ணா. வாறார்."

"அவர் வரேக்க நான் எழும்புறன் பிள்ளை."

"இல்லை, அவற்ற சாமானில இருக்கிறீங்கள்."

அவர் பதறி எழும்பி, கதிரையில் தேடி, அந்தத் துண்டைக் கண்டதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

பிறகு கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்தார். 'கரைச்சத்தம்' நடத்துகிறவர். பெரிய கந்தோரும் பத்துப் பேரும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்லிய, வேர்த்துப்போன ஒரே ஆள். இரண்டு ரீசேட் தந்தார், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"அண்ணா எங்க தங்கச்சி?"

"வந்துகொண்டிருக்கிறார்."

அவர் தன் போனில் எதையோ பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, வரட்டும்," என்று மட்டும் சொல்லி, என்னையும் பக்கத்துக் கதிரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.

பாட்டு தொடங்கியது. மன்னாரிலிருந்து மூன்று பேர், அடம்பனிலிருந்து ஒருவர். பின்னாலிருந்து யாரோ, "சினிமாப் பாட்டொண்டு போடுங்கோடா!" என்று கத்த, பாடுகிறவர், "சினிமா எங்களைக் கூப்பிடேல்லை அண்ணை, கூப்பிட்டாப் பாடுறம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வெயில் உள்ளே விழும். அதற்குள் ஒரு ஆளின் நிழல் வரும். யாரோ ஒருவருடையதாக இருக்கும். கடைசியாக வந்த நிழல் அம்மாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வழமைபோல அண்ணா போன் எடுத்தார்.

"என்னடி, நிகழ்ச்சி எப்பிடி? இடம் நல்லதோ?"

"நீங்கள் வாறன் எண்டு எழுதினனீங்கள்."

"ஓம்..."

"பொய்க்காரன்."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கேட்கும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நானே இந்தச் செய்திகளை எழுதுகிறேன். எங்கே நிகழ்ச்சி, யாருக்கு ரிக்கெற், எந்த டிரம்காரர் போய்விட்டார். சென்ற மாதம் ஒரு பழைய படத்தைத் தேடி அந்தப் பக்கத்தில் கீழே கீழே போனபோது, அந்த அறிவித்தல் கண்ணில் பட்டது. ரிக்கெற்றுக்குப் பெயர் எழுதியிருந்தது மொத்தம் ஆறு பேர். சின்ன எழுத்தை முதல் முறையாக வாசித்தேன். முடிவு வந்து ஒரு நாளுக்குள், கூட வருகிறவர் 'வாறன்' என்று கீழே எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டு ரிக்கெற்றும் அடுத்த ஆளுக்குப் போகும். அண்ணா எழுதியபோது அந்த ஒரு நாள் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்திருக்கிறது.

அவர் எழுதியது எனக்கு அல்ல. என்னை உள்ளே விடுவதற்கு. அங்கே வேலைத்தளத்தில் போனைத் தொட விடமாட்டார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கட்டாருக்கு வெளிக்கிட்ட அன்றும், படலையடியில் பெட்டியை வைத்துவிட்டு அவர் சொன்னது அந்தச் சொல்லைத்தான். எங்கள் ஊரில் யார்தான் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்? நான் போனிலிருந்து தலையை எடுக்காமலேயே, "சரி, கெதியா வாங்கோ," என்றேன்.