நுரையக்கா சேர்த்த இருபத்திரண்டு பேர்

நுரையக்கா சலவைத் தொழிலாளி. முழங்கைவரை எந்நேரமும் சோப்பு நுரை. வாயும் அப்படித்தான், பொங்கினால் அடங்காது.

அவள் கணவருக்குச் சர்க்கரை நோய், இடது காலில் ஆறாத புண். ஊரிலிருந்த ஒற்றை அறைச் சிகிச்சை நிலையத்தில் நர்ஸாக இருந்த நான்தான் தினமும் கழுவிக் கட்டுப் போடுவேன். அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. ஐந்நூறு பேர் இல்லாத ஊரில் சிகிச்சை நிலையம் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தினமும் நடக்கிற காரியமில்லை. கட்டு தவறினால் காலை எடுக்க வேண்டிவரும். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

தலைக்கணக்கு எடுத்த வாத்தியார் நானூற்று எழுபத்தெட்டில் முடித்திருந்தார். மறுநாள் படிவம் போக வேண்டும்.

"வாத்தியாரே, உங்க கணக்கு தப்பு. என் மூட்டையில ஆளு அதிகமா இருக்கு."

"துணியையா எண்ணச் சொல்றீங்க, அக்கா?"

"ஆமா. மனுஷன் மறைப்பான், துணி மறைக்காது. எழுந்து வாங்க."

நானும் கூடப் போனேன். வாத்தியார் கதவில் எண் இருந்த வீடுகளுக்கு மட்டும் போயிருந்தார். செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைகளுக்கு எண் கிடையாது.

"வாய்க்கால்ல எனக்குப் பக்கத்துக் கல்லுலதான் துவைக்கிறாங்க. எத்தன பாவாடை, எத்தன டவுசர்னு எனக்குத் தெரியாதா?"

பதினான்கு பேர். பிழைக்க வந்தவர்கள், வந்து எட்டு வருஷம் ஆகிறது.

அடுத்து மூன்று கைக்குழந்தைகள். படிவத்தில் முதல் கட்டமே பெயர். பெயர் வைக்காத பிள்ளையை என்னவென்று சொல்வது என்று தாய்மார்கள் சொல்லாமலே விட்டிருந்தார்கள். 'பெண் குழந்தை, இருபது நாள்' என்று எழுதினால் போதும் என்றேன்.

பிறகு படுக்கையில் கிடப்பவர்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் இந்த ஊரில் நடமாடுகிறவர்களைத்தான் எண்ணுவார்கள். நுரையக்காவின் போர்வைக் கணக்கில் நாலு பேர் அகப்பட்டார்கள். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மிச்சம் மளிகைக்கடைக்காரர் வீடு.

"அம்மாவா? தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்களே."

"அப்ப வாரத்துக்கு மூணு போர்வைய நனைக்கிறது யாருண்ணே? நீங்களா?"

தெருவே சிரித்தது. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"யாரது, நுரையாடி? நான் இங்கதான் கெடக்கேன்! எழுதச் சொல்லு! வயசு எம்பத்தாறு. காது நல்லா கேக்கும்னும் சேத்து எழுதச் சொல்லு!"

காதுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வாத்தியார் ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஐந்நூறு.

அந்தம்மாவின் முதுகில் மூன்று விரல் அகலத்துக்குப் படுக்கைப்புண் இருந்தது. அன்றே மருந்து வைத்தேன். மூட்டைகளை வெளியேற்றி ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். கடைக்காரரே முதல் மூட்டையைத் தூக்கினார்.

சிகிச்சை நிலையம் தப்பியது. நான்காம் மாதம் கால்புண் மூடியது. அந்த வாரமே மனிதர் தலையில் துணிமூட்டையோடு தெருவில் நடந்தார். பின்னாலேயே அவள் குரல்.

"பாத்து நடங்க! ஊரையே எண்ணிக் காப்பாத்தின காலு அது!"