அம்மா திருத்திய பாட்டு

டில்லிக் குளிரில் காலை வேளையில் வாயைத் திறந்தால் முதலில் ஆவிதான் வரும். பாட்டு அதற்குப் பிறகுதான். கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படியில், கம்பளிச் சட்டையையும் மீறிச் சிமெண்டின் சில்லிப்பு ஏற, நானும் கீழ்த்தளத்து ஸ்டெல்லாவும் உட்கார்ந்து, ஊதி ஊதிக் கையைச் சூடாக்கிக்கொண்டு பாடிய அந்த ஒரு குளிர்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எழுபதுகளின் கடைசி, நான் புசா ரோடுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய கோடையில் அப்பா போய்விட்டார். அவருடைய ஆபீசிலேயே அம்மாவுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள், நவராத்திரிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாடச் சொல்லப்பட்டவள், பஸ் பிடித்து ஆபீஸ் போய்க் கோப்புகளைப் புரட்டிவிட்டு வந்தாள். சுருதிப் பெட்டியை அப்பாவின் வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். பாடக் கூடாதென்று அவளை யாரும் தடுக்கவில்லை, அவளாகத்தான் நிறுத்திக்கொண்டாள். அடுப்படியில் வாய்க்குள் முணுமுணுப்பதுகூட நின்றுபோனது. அப்பாவுக்காக அழுது தீர்த்திருந்த எனக்கு இந்த மௌனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் பாட்டும் அவரோடு போய்விட்டதோ என்று பயமாக இருந்தது.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்குப் பாட்டு டீச்சர் புதிதாக ஒன்று செய்தார். யமுனையைப் பற்றித் தாமே ஒரு தமிழ்ப் பாட்டுக் கட்டி, வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மெட்டையும் மீதிப் பேருக்கு அதற்குக் கீழே வேறொரு மெட்டையும் கொடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பாடச் சொன்னார். கீழே பாடுகிறவர்களுக்கு "செகண்ட்" என்று பெயர். தமிழ் எழுத்துத் தடுமாறி, பாட்டை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு வார்த்தையே பெரும்பாடு. இதில் இது வேறு.

என்னைச் செகண்டில் போட்டார். அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டில் சேர்ந்து பாடுவதென்றால் இரண்டு குரலும் கலந்து ஒரே குரலாய்க் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஒரு ஸ்வரத்தில் நின்றால் நானும் அங்கே போய் ஒட்டிக்கொள்வேன். விலகி நின்றால் தப்பு என்றுதான் காது சொல்லும். போதாக்குறைக்கு, நேராக நிறுத்த வேண்டிய ஸ்வரத்தையெல்லாம் அசைத்து அசைத்துப் பாடினேன். "கமகம் வேண்டாம்மா, கோடு போட்ட மாதிரி நில்லு" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஸ்டெல்லாவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பாளையங்கோட்டைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் வீட்டார் ஆளுக்கொரு குரலில் பாடுவார்கள். எங்கள் பாட்டில் அவளுக்கு மேல்குரல். காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்த என் கையை இழுத்துவிட்டு, "நான் பாடுததைக் கேளு. கேக்காம பாடுனா சேராது. ஆனா என் பின்னால வராத" என்றாள். படிக்கட்டில் அதைத்தான் தினமும் பழகினோம். தினமும் நான் அவள் பின்னாலேயே போனேன்.

விழா நெருங்கும்போது ஸ்டெல்லா பொன்னுக்குவீங்கி வந்து படுத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மொட்டை மாடி வெயிலில் பச்சைப் பட்டாணி, டில்லிப் பேச்சில் "மட்டர்", உரித்துக்கொண்டிருக்க, நான் துணைக்கு ஆளில்லாமல் செகண்டை மட்டும் தனியே பாடிக்கொண்டிருந்தேன். படிக்கட்டுப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மெட்டு மனப்பாடம். முதலில் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஏண்டி மெட்டைக் கொலை பண்றே? இப்படின்னா அது" என்று அந்த அடியைப் பாடிக் காட்டினாள்.

குரல் கரகரத்தது, ஆனாலும் அம்மாவின் குரல். வழக்கம்போல நான் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டேன். அம்மா திருப்தியாகத் தலையசைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, அடுத்த மட்டரை எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருந்திவிட்டால் அவள் நிறுத்திவிடுவாள். மறுபடி கீழே இறங்கினேன். அம்மா எரிச்சலோடு மேலே எடுத்தாள். நான் போகவில்லை. என்னை எப்படியாவது இழுத்துவிடுவதென்று குரலை உயர்த்திக்கொண்டு அவள் அடுத்த அடிக்கும் வந்தாள். நான் அவளைக் கேட்டுக்கொண்டே, பிடிவாதமாக, என் இடத்திலேயே நின்றேன். கடைசி அடியின் நீண்ட ஸ்வரத்தில் அவள் காந்தாரத்திலும் நான் ஷட்ஜத்திலும் நின்றபோது இரண்டும் சேர்ந்து மாடி முழுக்க நிறைந்தது. மூச்சு முடியும்வரை அம்மா அதை விடவில்லை. என்னை அதட்டவுமில்லை. கண்ணைத் துடைக்காமலே, "முதல்லேர்ந்து எடு. நீ உன்னோடதையே பாடு" என்றாள்.

விழாவில் நான் இடறவில்லை. பின்வரிசையில் அம்மாவின் உதடு அசைவதை மேடையிலிருந்தே பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் பாடினாள். பழைய கீர்த்தனைகளுக்குத் திரும்பவில்லை, சுருதிப் பெட்டியும் பரணிலேயே கிடந்தது. அந்த யமுனைப் பாட்டை மட்டும், நான் கீழே எடுத்தால் மேலே எடுப்பாள், கரண்ட் போன கோடை மாலைகளிலும், ரிட்டயரான பிறகும், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்.

அந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் போனதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. டீச்சரின் பாட்டு எங்கும் அச்சாகவில்லை. போன வாரம் இதே டில்லியில், எங்கள் துவாரகா பிளாட்டில், சமைத்துக்கொண்டே நான் செகண்டை முனகுவதைக் கேட்ட மகள், "யே கௌன்ஸா கானா, என்ன பாட்டும்மா இது? டியூனே இல்லையே" என்றாள். இருக்கிறது, பாடிக் காட்டுகிறேன் என்று அடுப்பைக் குறைத்துவிட்டுத் தொடங்கினேன். இரண்டு அடி போவதற்குள் குரல் தானாகக் கீழே இறங்கி, அதன் இடத்தில் போய் நின்றுகொண்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் அப்படித்தான். அம்மா பாடியது எனக்குப் பாட வரவில்லை.