இரண்டு வயல், இரண்டு பனியன்

ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மூக்கோடு ஒட்டி வைத்து இழுக்கிறாள். "ம்ம்... என்ன வாசனை!" பக்கத்தில் யார் நின்றாலும் அடுத்து அவர் மூக்குக்கும் அது போகும். உரம் விற்க வந்தவர், மின்கட்டணம் குறிக்க வந்தவர், யாரும் தப்பியதில்லை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் மோப்பக்காரி.

ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்கால் சரியாக மடங்காது. குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லி ஆறு வருடம் ஆயிற்று. "அவரு மேஜைல உக்காந்து சொல்றாரு. புழு மேஜைக்கா வரும்?" என்று கேட்டுவிட்டுக் குனிகிறாள்.

அவள் பார்க்கும் நான்கு ஏக்கர் பருத்தியில் நான்கு வருடமாகக் கலப்பை இறங்கவில்லை. பஞ்செடுத்து முடிந்ததும் செடிகளை வெட்டிப் பொடித்து அங்கேயே பரப்பிவிடுவாள். இடைப்பட்ட மாதங்களில் தட்டைப்பயறு விதைத்து அதையும் மடக்கிப் போடுவாள். பிறகு சருகை விலக்கி, கம்பியால் குத்திய குழியில் பருத்தி விதை. "உழுறது மண்ணுக்கு ஆபரேஷன் மாதிரி. வருஷத்துக்கு மூணு ஆபரேஷன் பண்ணா யாரு பொழைப்பா?"

முதல் வருடம் தப்புப் பண்ணினாள். செடிகளைப் பொடிக்காமல் முழுசாகக் கிடத்திவிட்டாள். ஒட்டியிருந்த காய்களில் பதுங்கிய புழு அடுத்த விளைச்சலில் பாதியைக் காலி செய்தது. இப்போது புழுக்காய்களைப் பொறுக்கி எரித்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆனாலும் அண்ணன் அதை மறக்கவில்லை. நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து நான்கு ஏக்கரை வருடம் மூன்று தடவை உழுகிறவர் அவர்.

"போதும் உன் சோதனை. இந்தத் தடவை உன் பக்கமும் சேத்து உழுதுடறேன். குப்பைமேடுன்னு ஊரே சிரிக்குது."

"ரெண்டு மாசம் குடுங்கண்ணா. மண்ணையே கேட்டுடலாம்."

கொடியில் காய்ந்த அண்ணனின் வெள்ளைப் பருத்திப் பனியன்கள் இரண்டை உருவினாள். அவர் நிலத்தில் ஒன்று, தன் நிலத்தில் ஒன்று, ஒரே ஆழத்தில் புதைத்தாள். மண்ணில் உயிர் இருந்தால் துணியைத் தின்னும். தின்னாவிட்டால் டிராக்டர் இறங்கட்டும் என்று பேச்சு.

"என் பனியனா கெடைச்சுது?"

"வீட்ல சுத்தமான பருத்தி போடுறது நீங்கதானே!"

தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இரண்டு மாதம் அடக்கிக்கொண்டாள்.

அந்த நாள் டிராக்டர்காரர் உட்பட எல்லோரும் வயலில். அண்ணன் நிலத்தில் மண்வெட்டி 'டங்'கென்றது. கட்டி கட்டியாகப் பெயர்ந்த மண்ணிலிருந்து பனியன் முழுசாக வந்தது. அண்ணி உதறிப் பார்த்தாள். "தொவைச்சா இன்னும் ஒரு வருஷம் போட்டுக்கலாங்க."

அவள் நிலத்தில் மண்வெட்டியே வேண்டியிருக்கவில்லை, கை இறங்கியது. துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை இன்னும் ஆழமாக விட்டாள்.

"பொதைச்ச எடத்தையே மறந்துட்டியா?" அண்ணன் சிரித்தார்.

விரலில் ஏதோ மாட்டியது. இழுத்தாள். தோள் தையல் வந்தது, கழுத்துப்பட்டையின் நூல் வந்தது, அளவு அச்சடித்த சீட்டு வந்தது. நடுவில் இருக்கவேண்டிய பனியனைக் காணோம்! சீட்டில் சுருண்டுகொண்டு ஒரு மண்புழு.

"தின்னுடுச்சுண்ணா! தொண்ணூத்தஞ்சு சைஸையும் முழுசாத் தின்னுடுச்சு!" குதித்தாள், வலது காலில் மட்டும்.

அண்ணன் அந்த நூல்கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராக்டர்காரரிடம், "நீ என் பக்கம் மட்டும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "வேணாம். இன்னைக்கு வண்டியத் திருப்பிக்க." அண்ணி கைதட்டிவிட்டாள்.

ஜெயித்தவளுக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. திறந்து கிடந்த குழியில் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டாள். "காயுது, தள்ளுங்க!" என்று அண்ணனைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, புழுவை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் மண்ணை வழித்து மூடத் தொடங்கினாள்.